வடகம் போட்ட வெண்ணெயில் கொடுவா மீன்

பிஸ்ட்ரோ என்று பலகை தொங்கினாலே அது பணம் படைத்தவர்கள் போகிற இடம் என்று நம் பக்கத்தில் ஓர் எண்ணம் படிந்துவிட்டது. நட்சத்திர ஓட்டல்களும் மால்களும் அந்தப் பெயரை எடுத்து வைத்துக்கொண்ட விதம் அப்படி. மங்கிய விளக்கு, கனத்த நாற்காலி, வாயில் நுழையாத மெனு. அந்த எண்ணத்தைக் கொஞ்சமாவது கலைக்கத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

பாரிஸில் பிஸ்ட்ரோ கூலி வேலை செய்தவர்கள் பசியாறிய இடம். பிரான்சின் நடுவில் ஓவேர்ன் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. குளிர் அதிகம், விளைச்சல் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்தவர்கள் முதலில் வீடுவீடாகத் தண்ணீர் சுமந்தார்கள். அப்புறம் விறகும் கரியும் விற்றார்கள். கரிக்கடையின் ஒரு மூலையில் ஒயினும் ஒரு தட்டு சூடான சாப்பாடும் கொடுக்க ஆரம்பித்தார்கள். கணவன் கரி மூட்டை தூக்குவான், மனைவி அடுப்பைக் கவனிப்பாள். பாரிஸின் பழைய பிஸ்ட்ரோக்களிலும் காப்பிக் கடைகளிலும் பல இப்படி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் கையில் வளர்ந்தவை. அதே நகரத்தில் ஷார்த்தியே என்று ஒரு சாப்பாட்டுக் கடை 1896 முதல் நடக்கிறது. பரிமாறுகிறவர் மேசைமேல் விரித்த காகிதத்திலேயே நாம் சாப்பிட்டதை எழுதி, அங்கேயே கூட்டிப் போட்டுக் கணக்கு சொல்லிவிடுவார்.

இதைப் படிக்கும்போது எனக்கு எங்கள் சாலைதான் கண்முன் வரும். நான் இருப்பது கனகம்மாசத்திரம். திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகிற வழி. சென்னைக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற வண்டிகளில் பல எங்களைத் தாண்டித்தான் போகும். லாரிக்காரர்கள், நடந்து திருப்பதி போகிற கூட்டம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிறவர்கள், கரும்பு வண்டிகள். இத்தனை பேருக்கும் சோறு போடுகிற மெஸ்கள் சாலையோரம் இருக்கின்றன. நல்ல மெஸ் எது என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அங்கே பதார்த்தம் நாலைந்துதான் இருக்கும். அன்றைக்குச் சந்தையில் எது வந்ததோ அதுதான் குழம்பு. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் அவர் கண் முழுக்க இலைமேல் இருக்கும். மதியம் இரண்டரைக்கு மேல் போனால் "தீர்ந்துபோச்சுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அப்படித் தீர்ந்துபோகிற கடையில்தான் நேற்றைய குழம்பு இருக்காது. நல்ல பிஸ்ட்ரோவையும் நான் இந்தக் கணக்கு வைத்துத்தான் அளப்பேன்.

புதுச்சேரியில் ஒரு பிஸ்ட்ரோ புதிதாகத் திறந்திருக்கிறது, கொஞ்சம் வேறு மாதிரி சமைக்கிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் என் நண்பர் சொன்னார். ஆடிக் கிருத்திகை முடியட்டும் என்று அம்மா சொன்னாள். திருத்தணி மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அந்த நாட்களில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. திருவிழா முடிந்து தெப்பமும் ஆன பிறகு நான், அம்மா, அக்கா மூவரும் கிளம்பினோம். கடையின் பெயரை எழுதவில்லை. திறந்து சில வாரங்களே ஆன இடம், அடுப்பும் ஆட்களும் நிலைபெறக் கொஞ்ச காலம் வேண்டும். அதற்குள் பெயரைப் போட்டு மார்க் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

அரக்கோணம், காஞ்சிபுரம், வந்தவாசி, திண்டிவனம் என்று உள்பக்கமாகவே போனோம். வந்தவாசியைத் தாண்டும்போது அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். 1760 ஜனவரி 22 அன்று இந்த ஊரில்தான் பிரெஞ்சுத் தளபதி லல்லி ஆங்கிலேயரின் அயர் கூட்டிடம் தோற்றார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. ஆங்கிலேயர் அந்த நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் வெள்ளை நகரம் என்று படமெடுத்துப் போடுகிற தெருக்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. அந்தப் போர் வேறு மாதிரி முடிந்திருந்தால் எங்கள் சாலையோர மெஸ்களில் இன்றைக்கு என்ன வெந்துகொண்டிருக்கும் என்று அக்கா கேட்டாள். திண்டிவனம் வரைக்கும் அதைத்தான் பேசிக்கொண்டு போனோம்.

கடை ஒரு பழைய வீடு. முற்றத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மேசை, அவ்வளவுதான். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் முதல் தட்டு மூன்று, நடுத் தட்டு நான்கு, இனிப்பு இரண்டு என்று சாக்குக்கட்டியில் எழுதியிருந்தது. பிரான்சில் மதிய நேரத்தில் இப்படித்தான் எழுதி வைப்பார்களாம், மூன்றையும் சேர்த்து ஒரே விலை. பிரெஞ்சுப் பெயருக்குக் கீழேயே தமிழில் என்ன பொருள், எப்படிச் செய்தது என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுப் பலகையையும் ஒருமுறை வாசித்தாள். யாரையும் கேட்காமல் தனக்கு வேண்டியதைத் தானே சொல்லிக்கொண்டாள். இந்த ஒரு காரியத்தைச் செய்ய மனமில்லாத உணவகங்கள் எத்தனை!

முதலில் ரொட்டி வந்தது. பகேத், நீளமாக, மேல்தோல் நொறுங்குகிற பதத்தில். புதுச்சேரியில் காலையில் சைக்கிளில் விற்றுக்கொண்டு போகிற ரொட்டியைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பிரான்சில் 1993ல் ஓர் அரசாணை வந்தது. பாரம்பரிய ரொட்டி என்ற பெயரில் விற்க வேண்டுமானால் மாவு, தண்ணீர், உப்பு, நொதிப்பொருள் ஆகியவற்றை வைத்தே செய்ய வேண்டும், வேறு மருந்துச் சரக்கு எதுவும் சேர்க்கக் கூடாது. அடுத்த ஆண்டிலிருந்து பாரிஸ் நகராட்சி சிறந்த பகேத்துக்குப் போட்டி நடத்துகிறது. வென்றவர் ஓராண்டு குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி கொடுக்க வேண்டும். 2023ல் வென்றவர் தர்ஷன் செல்வராஜா, ஈழத் தமிழர். 2006ல் பிரான்சுக்குப் போனவர், பாரிஸின் இருபதாம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் தீபத்தையும் ஏந்தி ஓடினார். அம்மாவுக்கு இதைச் சொன்னபோது கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்து, "நம்ம புள்ளைங்களா சுடுது?" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமை எனக்கும் இருந்தது.

அடுத்து வெங்காய சூப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிஸ்ட்ரோவின் மொத்தப் பாடமும் இந்தக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. வெங்காயம், வெண்ணெய், எலும்புச் சாறு, பழைய ரொட்டி, மேலே பாலாடைக்கட்டி. இதில் விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. செலவாவது நேரம். மெல்லிசாக அரிந்த வெங்காயத்தைச் சிறுதீயில், கிளறிக் கிளறி, ஒரு மணி நேரமாவது வதக்கினால்தான் அதன் இனிப்பு வெளியே வந்து பழுப்பு நிறம் ஏறும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகிக் கசக்கும். அவசரத்துக்குச் சர்க்கரை போட்டு நிறம் வரவைக்கிறவர்களும் உண்டு, நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். இங்கே நிதானமாக வதக்கியிருந்தார்கள். பாலாடைக்கட்டி ஆரோவில்லில் லா ஃபெர்ம் பண்ணையில் செய்தது. கடல் தாண்டி வந்த குருயேர் கட்டிக்கு உள்ள ஆழம் அதில் இல்லைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் செய்வதை விட்டுவிட்டு விமானத்தில் வருவதை எதற்குத் தேட வேண்டும்? அவர்கள் முடிவோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன்.

அம்மா சொல்லியிருந்தது கொடுவா மீன். "ஒயின் ஊத்துவாங்களாமே தம்பி, எனக்கு வேணாம்" என்று முன்பே சொன்னாள். பரிமாற வந்த பையன் முகம் மாறவில்லை. "சரிங்கம்மா, எலுமிச்சை பிழிஞ்சு தனியாப் பண்ணித் தரச் சொல்றேன்" என்று உள்ளே போனான். பிரெஞ்சு வெண்ணெய்ச் சாறுக்கு ஒயினும் காடியும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சுண்டவைத்து, அதில் குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடிப்பார்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் வெண்ணெய் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். ஆகஸ்ட் மாதப் புதுச்சேரி வெக்கையில் அதைக் கட்டி வைத்திருப்பதற்குக் கை பழகியிருக்க வேண்டும். தட்டு வந்தது. தோல் மொறுமொறுவென்று வெந்த மீன், பக்கத்தில் வாழைப்பூவை ஆய்ந்து வதக்கியது, சுற்றிலும் மஞ்சள் ஓடிய வெண்ணெய்ச் சாறு. அம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். நிறுத்தினாள். இன்னொரு வாய்.

"இன்னா நைனா இது, வடகம் வாசன வருது!"

வருவது வடகம்தான். சமையலறையிலிருந்து வந்து பேசிய இளைஞர் விழுப்புரம் பக்கத்துக்காரர். தன் ஊரிலிருந்து பாட்டி கையால் உருட்டியதை வரவழைத்து, வெண்ணெயில் பொரித்து வடிகட்டி, அந்த வெண்ணெயைத்தான் சாறில் அடித்ததாகச் சொன்னார். அம்மாவும் அவரும் அடுத்த கால்மணி நேரம் பேசியது முழுக்க வடகம் போடும் பக்குவம்தான். எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில் போடுவோம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தட்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு சேர்த்துப் பிசறி ராத்திரி முழுக்க மூடி வைக்க வேண்டும். காலையில் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து, சாயங்காலம் அந்த உருண்டைகளை உடைத்து மறுபடி அதே சாற்றில் போட்டு ஊறவைக்க வேண்டும். சாறு முழுக்க உள்ளே போய்ச் சேரும்வரை இப்படியே நாள்கணக்கில் நடக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் காயவைத்து ஜாடியில் போட்டால் அடுத்த சித்திரை வரை தாங்கும். மொச்சைக் குழம்பு, மீன் குழம்பு, முருங்கைக் கீரை எதற்கும் ஒரு கிள்ளு தாளித்தால் போதும், தெருமுனை வரை வாசம் போகும். வெயிலும் புளிப்பும் காலமும் சேர்ந்து செய்கிற வேலை அது.

இந்த வடகம் புதுச்சேரி வழியாக எப்போதோ கப்பலேறிவிட்டது. பிரான்சில் அதை வடூவான் என்கிறார்கள். அங்கே கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறார்கள், பெரிய சமையல்காரர்கள் கோழிக்கும் காலிஃபிளவருக்கும் சிப்பிக்கும் தூவுகிறார்கள், அமெரிக்கா வரை போயிருக்கிறது. அவர்கள் பெரும்பாலும் வெங்காயத்தை ஓவனில் வறட்டி மசாலாவோடு கலந்துவிடுகிறார்கள். ஊறுவதும் இல்லை, வெயிலும் இல்லை. அதனால் அந்த ஆழமான புளித்த மணம் வருவதில்லை. இனிப்பும் சீரக வாசமும்தான் மேலே நிற்கும். கெட்ட பொருள் என்று சொல்லமாட்டேன், ஆனால் பாதி வழியில் நின்ற பொருள். நம் வடகத்தை அப்படியே கொண்டுபோய் பிரெஞ்சு வெண்ணெயில் சேர்த்ததை அன்றுதான் முதலில் ருசித்தேன். இரண்டும் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றன.

பிரித்தானி கடற்கரையில் கன்கால் என்ற ஊரில் ஒலிவியே ரொலாஞ்சே என்று ஒரு சமையல்காரர். பக்கத்துத் துறைமுகம் சேன் மாலோ. இந்தியாவுக்குக் கப்பல் ஓட்டிய மாலுமிகளின் ஊர். அந்தக் கப்பல்கள் கொண்டுவந்த மசாலாக்களை வைத்தே அவர் தன் சமையலைக் கட்டினார். இந்தியாவிலிருந்து திரும்பி வந்த மீன் என்ற பொருளில் அவர் செய்த ஒரு தட்டு புகழ்பெற்றது. 2006ல் அவருக்கு மிஷெலின் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இத்தனை மரியாதையோடு நம் சரக்கை எடுத்துச் சமைக்கும்போது, சரக்கு விளைகிற கரையில் இருக்கிற உணவகங்கள் தைம் இலைக்கும் டிரஃபிள் எண்ணெய்க்கும் அலைவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

புதுச்சேரி வீடுகள் இந்த வேலையை எப்போதோ செய்து முடித்துவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். மார்செய் மீனவர்களின் மீன் சாறு இங்கே மஞ்சள் சேர்ந்து மீன் புயாபேஸ் ஆயிற்று. சைகோனில் பிரெஞ்சு அரசு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போய்த் திரும்பிய குடும்பங்கள் வியட்நாமிய நேம் சுருளைக் கொண்டுவந்தன. கிறிஸ்துமஸுக்கு விவிகம் கேக் வேகும். லூர்து திருவான்சியம் லூயி எழுதிய 'பாண்டிச்சேரி கிச்சன்' என்ற புத்தகத்தில் இந்த வீட்டுச் சமையல் பதிவாகியிருக்கிறது. உணவகங்களின் மெனுவில் இவற்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் ஆயாக்கள் செய்ததைக் கடையில் விலைக்கு வைக்க ஒரு கூச்சம் போலும். அந்தக் கூச்சம் இல்லாத கடை இது. எங்களுக்கு அடுத்த மேசையில் ஒரு வயதான தம்பதி புயாபேஸைச் சோற்றோடு வாங்கிச் சாப்பிட்டார்கள். ரொட்டியோடுதான் சாப்பிடவேண்டும் என்று யாரும் அவர்களைத் திருத்தவில்லை.

இன்றைக்கு நவீன பிஸ்ட்ரோ என்று சொல்கிறோமே, அதன் தொடக்கம் 1992. பாரிஸின் பெரிய ஓட்டலான க்ரியோனில் வேலை பார்த்த ஈவ் காம்டெபோர்ட், நகரத்தின் ஓரத்தில், பதினான்காம் வட்டாரத்தில், லா ரெகலாத் என்று ஒரு சின்னக் கடையைத் திறந்தார். வெள்ளித் தட்டு, படாடோபம், ஆளுக்கு நாலு பணியாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கையில் கற்ற வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, சந்தையில் மலிவாகக் கிடைத்த கறித்துண்டுகளையும் காய்களையும் சமைத்து, சாதாரண மனிதர்கள் தரக்கூடிய விலையில் மூன்று தட்டு கொடுத்தார். மற்ற இளம் சமையல்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். பின்னர் செபாஸ்தியன் தெமொரான் என்ற பத்திரிகையாளர் இதற்கு பிஸ்ட்ரோனமி என்று பெயர் வைத்தார். இந்த இயக்கத்தின் உயிர், பொருள் மலிவாக இருக்கலாம், வேலை மலிவாக இருக்கக் கூடாது என்பதில் இருக்கிறது. அதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறவர்கள் நாற்காலியையும் விளக்கையும் நகலெடுத்தால் பயனில்லை. கூனிமேட்டு மீனையும் ஆவணி மாதத்துக் காயையும் எடுத்துக்கொண்டு அந்தப் பொறுமையோடு சமைக்க வேண்டும். அப்படிச் செய்தால் திருவள்ளூரிலும் திருத்தணியிலும்கூட ஒரு நாள் இப்படி ஒரு கடை நிற்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை இருக்கிறது, கேழ்வரகு இருக்கிறது, பூண்டி ஏரி மீன் இருக்கிறது. கேழ்வரகுக் களியை ஆறவைத்துத் துண்டு போட்டு வெண்ணெயில் வாட்டினால் எந்தக் கறிச்சாறுக்கும் ஈடுகொடுக்கும். வீட்டில் செய்து பார்த்தேன், அக்கா பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

சமைக்க ஆள் வேண்டுமே என்று கேட்காதீர்கள். பிரெஞ்சு அடுப்புக்குப் பழகிய தமிழ்க் கைகள் உண்டு. 1983க்குப் பிறகு பாரிஸுக்குப் போன ஈழத் தமிழர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுவது. அதிலிருந்து காய் நறுக்க, பிறகு அடுப்படிக்கு. பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டி லா ஷப்பேலில் இருக்கும் தமிழ்க் கடைகளில் சாயங்காலம் மீனும் முருங்கைக்காயும் வாங்குகிறவர்களில், பகலெல்லாம் பிரெஞ்சு அடுப்பில் நின்றவர்களும் இருப்பார்கள். எழுத்தாளர் ஷோபாசக்தியும் அங்கே உணவக வேலைகள் பார்த்தவர்தான். அவர் நடித்த 'தீபன்' படம் 2015ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை வாங்கியது. பாரிஸில் தட்டைப் பார்த்து மெச்சுகிறவர்களுக்கு உள்ளே நிற்பவர்களின் முகம் தெரிவதில்லை. புதுச்சேரிக் கடையில் சமைத்த பிள்ளைகள் வெளியே வந்து மேசை மேசையாகப் பேசினார்கள். அந்த வழக்கம் எல்லா உணவகத்திலும் வரவேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. அக்கா வாங்கிய கோழியில் சாறு ருசியாக இருந்தது, ஆனால் கறி வறண்டிருந்தது. பண்ணைக் கோழியின் நெஞ்சுக் கறியை அவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தால் அப்படித்தான் ஆகும். நாட்டுக்கோழித் தொடையாக இருந்தால் அந்தச் சமையலுக்குப் பொருந்தியிருக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு நடுத் தட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பூசணிக்காயில் செய்தது. நம் ஊரில் கடை வைத்துக்கொண்டு அது போதாது. விலையும், எங்கள் மெஸ்ஸோடு வைத்துப் பார்த்தால் எங்கேயோ இருக்கிறது. ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம். நட்சத்திர ஓட்டல்களோடு வைத்துப் பார்த்தால் பாதிக்கும் குறைவு.

இனிப்புக்கு தார்த் தத்தான். பிரான்சில் லாமோத் பூவ்ரோன் என்ற சிற்றூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஓட்டல் நடத்திய தத்தான் சகோதரிகள் இருவர் பெயரால் வழங்குவது. ஆப்பிளை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் பாகு காய்ச்சி, மேலே மாவை மூடிச் சுட்டு, தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். இங்கே ஆப்பிளுக்குப் பதில் கடைசிப் பருவத்து நீலம் மாம்பழம். நீலத்தில் இயல்பாகவே புளிப்பு இருப்பதால் பாகு திகட்டவில்லை. காரைக்காலிலிருந்து வந்த பழம் என்று பையன் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த ஊர் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு நினைவு வந்தது அதற்கெல்லாம் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முந்தைய புனிதவதி. கணவன் கேட்ட மாம்பழத்தில் தொடங்கி, எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டில் ஆடவல்லான் காலடியில் வந்து சேர்ந்த காரைக்கால் அம்மையார். ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், அதை மடியில் பிடித்தால் பிள்ளை வரம் கிடைக்கும் என்ற நம்பிக்கை உண்டு என்று அந்தப் பையனுக்குச் சொன்னாள். அவனும் நின்று கேட்டான். தட்டில் ஒரு துளி பாகு மிச்சமில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மதியம் போங்கள், ராத்திரி மெனு நீளம், விலையும் அதிகம். பன்னிரண்டரைக்குள் போய் உட்கார்ந்தால் மீன் கிடைக்கும், இரண்டு மணிக்கு எங்கள் கண்முன்னே பலகையில் கொடுவாவை அழித்துவிட்டார்கள். அவசரம் வேண்டாம், ஒவ்வொரு தட்டாகத்தான் வரும், நடுவில் பேச நேரம் இருக்கும், அதற்கேற்ற ஆட்களோடு போங்கள். ஒயின் வேண்டாம், காரம் கொஞ்சம் வேண்டும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். யார் இடம் என்று கேட்டு எனக்குத் தனியாக எழுதினால் சொல்கிறேன். வீட்டில் நல்ல வடகம் இருந்தால் ஒரு பொட்டலம் கொண்டுபோங்கள். பாட்டியின் சரக்கு கார்த்திகைக்குள் தீர்ந்துவிடும் என்று அந்த விழுப்புரத்துப் பிள்ளை கவலைப்பட்டார். அம்மா தன் ஜாடியிலிருந்து பாதியைக் கட்டி ஏற்கெனவே அனுப்பிவிட்டாள்.